டிக்கியில் இல்லாத பெட்டி

கண்ணு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வந்திருக்கிறதென்றால் நீ காரின் டிக்கியைத் திறந்து, தகரப் பெட்டியை வெளியே இழுத்து, அடியில் சுருட்டி வைத்திருக்கும் ஃபேன் பெல்ட் வரைக்கும் கையை விட்டிருக்கிறாய். வண்டி நின்றுவிட்டதா? அப்படியானால் முதலில் அதை ரோட்டோரமாகத் தள்ளி, பின்சக்கரத்துக்கு ஒரு கல்லைக் கொடுத்து, பானெட்டைத் திறந்து வை. ஆவி வந்தால் ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதே. அரை மணி நேரமாவது ஆறட்டும். அந்த அரை மணி நேரத்தில் நிழலாகப் பார்த்து உட்கார்ந்து இதைப் படி. வண்டி நிற்கவில்லை, சும்மா குடைந்து பார்த்தாய் என்றாலும் சந்தோஷம்தான். அப்படிக் குடைகிற பெண்ணாக நீ வளர்ந்திருக்க வேண்டும் என்றுதான் இதை இங்கே வைக்கிறேன்.

உனக்கு இப்போது மூன்று வயது. மத்தியானச் சாப்பாடு முடிந்து முன்னறையில் ஃபேனுக்கு அடியில் தூங்குகிறாய், கையில் உன் அப்பா கொடுத்த ஒரு குட்டி ஸ்பேனர். பிடுங்கினால் விழித்துக்கொள்வாய் என்று விட்டுவிட்டேன். ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து போய், அது உன் கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். உன் அம்மா அப்படிப்பட்டவள். நீ தும்மினால் தெர்மாமீட்டரைத் தேடுகிறவள். இதை நீ படிக்கும்போது என்னை எத்தனையோ தடவை கேலி செய்து முடித்திருப்பாய்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா பட்டறையில் ஒரு புதுத் தகரப் பெட்டி செய்து கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "இது நம்ம கண்ணு ஓட்டப்போற வண்டிக்கு. என்னென்ன வெக்கோணும்னு நீயே பாத்துக் கட்டி வெச்சிரு, அம்மணி" என்றார். "அவ ஓட்டறதுக்கு இன்னும் பதினஞ்சு வருசம் இருக்குதுங்களே" என்றேன். "நீ யோசிச்சு யோசிச்சுக் கட்டி முடிக்கறதுக்கு அத்தனை நாள் ஆகுமில்ல" என்று சிரித்தார். வேறு யாராவது பார்த்திருந்தால் கேலி என்று நினைத்திருப்பார்கள். பெட்டி கட்டுகிற வேலையை என்னிடம் அவர் நம்பிக் கொடுத்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அதை உனக்கும் சொல்லிவிட வேண்டும். இரண்டரை வருடம் தாமதமாகத்தான் சொல்கிறேன்.

உன் அப்பாவுக்குப் போத்தனூரில் வீட்டை ஒட்டியே லேத் பட்டறை. பம்புசெட்டு, மோட்டார் என்று எது வந்தாலும் கழற்றி மாட்டிக் கொடுப்பார். கல்யாணமான அடுத்த வருடம் பழைய கார் ஒன்று வாங்கினார். வாங்கிய அன்றைக்கே அதற்கென்று ஒரு பெட்டி கட்டினார். ஜாக்கி, வீல் ஸ்பேனர், மாற்று ஃபேன் பெல்ட், ஐந்து லிட்டர் தண்ணீர் கேன், இருபதடிக் கயிறு, டார்ச், கறுப்பு டேப், பாதி தேய்ந்த துணி சோப்பு. சோப்பு எதற்கு என்று கேட்டேன். "பெட்ரோல் டேங்க் ஒழுகுச்சுன்னா சோப்பக் கொழச்சு அடைச்சரலாம். பெட்ரோல்ல அது கரையாது" என்றார். நான் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள். வெப்பம் பரவும் வழிகளைப் படம் வரைந்து பக்கம் பக்கமாக எழுதித் தேறியவள். ஆனால் எங்கள் காரில் ரேடியேட்டர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அன்றைக்கு வரைக்கும் பார்த்ததில்லை. பெட்டி எனக்குக் கிரீஸ் நாற்றம் அடிக்கிற ஒரு சாமான், அவ்வளவுதான்.

நீ பிறந்ததும் நானும் ஒரு பெட்டி கட்ட ஆரம்பித்தேன். பெட்டி அல்ல, இரண்டு பெரிய பைகள். வீட்டை விட்டுக் கிளம்பினால் அவையும் கிளம்பும். கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர் ஒரு ஃப்ளாஸ்க், வெந்நீர் இன்னொரு ஃப்ளாஸ்க், பாலாடை, பஞ்சு, மருந்துகள், எண்ண முடியாத அளவுக்குத் துணிகள், கொசுவலை, தொட்டில் கயிறு, போகிற இடத்தில் பாட்டிலைக் கொதிக்க வைக்க ஒரு பம்ப் ஸ்டவ். உன் அப்பா அதைப் பார்த்து, "கொழந்தைக்கு ஸ்டெப்னி ஒண்ணுதான் பாக்கி" என்பார்.

உனக்கு எட்டு மாதம் இருக்கும்போது தாராபுரத்தில் உன் மாமனுக்குக் கல்யாணம். எனக்கு உடன்பிறந்தவன் என் தம்பி ஒருவன்தான். நம் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, இதைப் படிப்பதற்குள் நிறையப் பார்த்திருப்பாய். மாப்பிள்ளையும் கூடப் பிறந்தவளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, கூறைச்சேலையின் ஒரு முனையை அவனும் ஒரு முனையை அவளும் பிடித்துக்கொள்கிற சீர். வேறொரு வீட்டுக்குப் போனாலும் இவள் இந்த வீட்டுக்காரிதான் என்று ஊரறியச் சொல்கிற நேரம் அது. எங்கள் வீட்டில் முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்குள் முடிக்க வேண்டும் என்று நேரம் குறித்திருந்தார்கள். நான் நான்கு நாள் முன்னாலேயே போயிருக்க வேண்டும். தடுப்பூசி போட்டதில் உனக்கு லேசாக உடம்பு சுட்டது. டாக்டர் ஒன்றுமில்லை என்றார். நான் நம்பாமல் ஒவ்வொரு நாளாகத் தள்ளி, கடைசியில் சீர் அன்றைக்கு மத்தியானம்தான் கிளம்பினோம்.

உன் அப்பா குளித்துக்கொண்டிருந்தார். நான் டிக்கியில் சாமான் அடுக்கினேன். சீர்த் தட்டுகள், பழக்கூடை, துணிப்பெட்டி, உன் இரண்டு பைகள். ஸ்டவ் வைக்க இடமில்லை. தகரப் பெட்டியை வெளியே எடுத்துக்கொண்டு போய் அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டு, அது இருந்த இடத்தில் ஸ்டவ்வை வைத்தேன். சொல்ல மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் கை போகிறது. அது பொய், கண்ணு. சொன்னால் அவர் ஸ்டவ்வை இறக்கிவிட்டுப் பெட்டியை ஏற்றிவிடுவார் என்று தெரிந்தேதான் சொல்லவில்லை.

பல்லடம் தாண்டி, குண்டடத்துக்கு இன்னும் சில மைல் இருக்கும்போது முன்னால் பட்டென்று ஒரு சத்தம். சிவப்பு விளக்கு எரிந்தது. கொஞ்ச தூரத்தில் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. உன் அப்பா பதறவேயில்லை. இறங்கிப் பார்த்துவிட்டு, "பெல்ட்டுதான். பத்து நிமிசத்துல மாட்டிரலாம்" என்று சொல்லி, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு டிக்கிக்குப் போனார். தட்டுகளை இறக்கினார். பழக்கூடையை இறக்கினார். உன் பைகளை இறக்கினார். ஸ்டவ்வைக் கையில் வைத்துக்கொண்டே டிக்கிக்குள் எட்டிப் பார்த்தார். "பொட்டி எங்க போச்சு?" என்றார், என்னிடம்கூட அல்ல, தனக்குத்தானே. பிறகு நெற்றியில் தட்டிக்கொண்டு, "போன வாரம் சுத்தம் பண்றக்குப் பட்டறைக்குக் கொண்டு போனனில்ல? அங்கயே உட்டுப்போட்டு வந்துட்டனாட்ட இருக்குது" என்றார். நான் உன்னை மடியில் வைத்துக்கொண்டு, உன் தலையில் இல்லாத ஈயைக் கையால் விரட்டினேன்.

தொட்டில் கயிற்றைப் பெல்ட்டு மாதிரி முடிந்து மாட்டிப் பார்த்தார். அரை பர்லாங்கு வந்தது, அறுந்தது. தண்ணீர் கொதித்து வழிந்துவிட்டது. என் மடியிலிருந்த ஃப்ளாஸ்க்கை ஒரு தடவை பார்த்தார். நான் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் பானெட் பக்கமே திரும்பிப் போனார்.

வெயில் காய்ந்த தகரம் போலச் சுட்டது. பால் கேன் கட்டிய மொபெட்டில் ஒருவர் வந்து நிறுத்தினார். "ஏனுங்க, வண்டி நின்னுபோச்சுங்களா?"

"இல்லீங்க" என்றார் உன் அப்பா. "சும்மா, காத்தாட நிறுத்துனமுங்க."

"இந்த வெயில்லயுங்களா?"

"ஆமாங்க."

பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காற்று வாங்குகிறவரை மொபெட்காரர் மேலும் கீழும் பார்த்தார். "அப்பச் சரிங்க, நல்லா வாங்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். உன் அப்பாவைக் குறை சொல்லாதே. நம் ஆட்கள் அப்படித்தான். ஒருவருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்பதில் இத்தனை கவனம். அதற்குள்ளே கொஞ்சம் கர்வமும் உண்டு. பட்டறைக்காரர் வண்டி நடுவழியில் நின்றது என்று எப்படிச் சொல்வது? நானாவது சொல்லியிருக்கலாம். அடுத்து வந்த வேன் என் பெரியப்பாவுடையது, கல்யாணத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். பெரியப்பா தலையை நீட்டி, "என்ன மாப்ள, ஏதாச்சும் கோளாறுங்களா?" என்றார். "இல்லீங்க மாமா, கொழந்தை பால் குடிக்குது. நீங்க முன்னால போங்க, பொறகாலயே வாரமுங்க" என்றார் உன் அப்பா. பெரியப்பா என்னைப் பார்த்தார். "ஏம்மணி, நீயாச்சும் ஏறிக்கறயா? சீருக்கு நேரமாச்சல்ல?" ஏறியிருந்தால் நேரத்துக்குப் போயிருப்பேன். ஏறினால், ஒளித்தவள் போய்விட, ஒன்றும் தெரியாதவர் வெயிலில் தனியாக நிற்பார். உண்மையைச் சொல்லிவிட்டு ஏறலாம், அதற்கு வாய் வரவில்லை. "இல்லீங்க பெரியப்பா, இவிங்க கூடவே வாரேன்" என்று சிரித்தேன். புருசன் மேல் எத்தனை பிரியம் என்று வேனுக்குள் யாரோ கேலி செய்வது கேட்டது.

கடைசியில் எங்களைக் கரை சேர்த்தவள், பக்கத்துக் காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருத்தி. என் வயதுதான் இருக்கும். முதலிலிருந்தே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். வந்து, "எத்தன பேரு நிறுத்திக் கேட்டாங்கோ! இப்படி ஒரு சோடிய நான் பாத்ததே இல்லைங்க. வாயில என்ன, கொழுக்கட்டையா வெச்சிருக்கீங்கோ?" என்றாள். உன் அப்பா பதில் சொல்வதற்குள், தூரத்தில் வந்த டிராக்டருக்கு முன்னால் நடு ரோட்டில் போய் ஆட்டுக்கோலை நீட்டி நின்றுகொண்டாள். டிராக்டர்காரரிடம், "இவிங்க வண்டி செத்துப்போச்சு, ஆனாச் சொல்ல மாட்டாங்கோ. இழுத்துட்டுப் போயி குண்டடத்துல உடுங்க" என்றாள். கயிறு எங்கள் பெட்டியில், பெட்டி அரிசி டின்னுக்குப் பின்னால். டிராக்டர்காரரிடம் சங்கிலி இருந்தது, பிழைத்தோம்.

குண்டடத்தில் சரியான அளவு பெல்ட்டு கிடைத்து மாட்டி முடிக்க நேரமாகிவிட்டது. தாராபுரம் போய்ச் சேர்ந்தபோது ஏழரை. வாசலில் இறங்கும்போதே எல்லோர் முகத்திலும் தெரிந்தது. நேரம் தவறக் கூடாது என்று பெரியப்பா மகளை உட்கார வைத்துச் சீரை முடித்துவிட்டார்கள். நான் உட்கார வேண்டிய இடத்தில் ஆல்பம் முழுக்க அவள்தான் இருக்கிறாள். நீ இப்போதும் ஆல்பத்தைப் புரட்டி, "அம்மா எங்க?" என்று கேட்கிறாய்.

உன் மாமன் அழுத முகத்தோடு இருந்தான். அதைக் கோபமாக்கி உன் அப்பாவிடம் காட்டினான். பந்தலில் அத்தனை பேர் இருக்கும்போது, "ஊர் மோட்டாரையெல்லாம் ஓட வெக்கறீங்கோ மச்சான். சொந்த வண்டிக்கு ஒரு பெல்ட்டு எடுத்து வெக்கத் தெரியலீங்களே" என்றான். நான்கு பேர் சிரித்தார்கள். உன் அப்பாவும் சிரித்தார். "மறந்துபோட்டனுங்க மாப்ள, தப்புத்தான்" என்றார். அன்றைக்குப் பந்தியில் அவர் உட்காரவில்லை. வயிறு சரியில்லை என்றார்.

இதுவரைக்கும் நடந்ததைக்கூடப் பயத்தில் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். அடுத்துச் செய்ததற்குச் சமாதானமே இல்லை. ஊருக்குத் திரும்பியதும், அவர் கை கால் கழுவுகிற நேரத்தில், நான் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பட்டறையில் லேத்துக்கு அடியில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் அங்கிருந்து கூப்பிட்டார். "பாத்தியா, இங்கதான் கெடக்குது. நாந்தான்." அந்தக் குரலில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

அதற்குப் பிறகு அவர் மாறிவிட்டார், கண்ணு. வண்டியைக் கிளப்பிவிட்டு இறங்கிப்போய் டிக்கியைத் திறந்து பார்ப்பார். தெருமுனை திரும்பியதும் நிறுத்தி, "பொட்டி வெச்சமா?" என்பார். பட்டறைக் கதவைப் பூட்டிவிட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். அளவெல்லாம் மனதிலேயே வைத்திருந்தவர், ஒவ்வொன்றையும் சீட்டில் எழுத ஆரம்பித்தார். தாராபுரத்துக்கு எங்களைக் கொண்டுபோய் விடுவார், உள்ளே வர மாட்டார். "வண்டியப் பாத்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க" என்று வாசலில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். உன் மாமனும் ரோசக்காரன், வந்து கூப்பிட மாட்டான். இருவருக்கும் நடுவில் நான் தட்டில் பலகாரம் எடுத்துக்கொண்டு நடப்பேன்.

போன மாதம் உன் காதுகுத்துக்கு நாள் பார்த்தோம். மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். முறைப்படி நாங்கள் இருவரும் போய்த் தாம்பூலம் வைத்து அழைக்க வேண்டும். "நீ போயி வெச்சுட்டு வா. நான் கார்ல இருக்கறேன்" என்றார் உன் அப்பா. அன்றைக்குக் காலையில் பெட்டியைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். நீ பக்கத்தில் குந்தி ஒவ்வொரு சாமானாக எடுத்துக் கொடுத்தாய். "கண்ணு, பொட்டிய எங்க வெப்போம்?" என்று கேட்டார். "டிக்கில!" என்று கத்தினாய். "அப்படிச் சொல்லு. நீயாச்சும் ஞாபகம் வெச்சுக்கோ சாமி, உங்கப்பன் மறதிக்காரன்" என்றார்.

சமையலறை நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் மறதிக்காரர் என்பது உன்னிடமும் அப்படியே பதிந்துவிடும் என்று தோன்றியது. வந்து அவர் முன்னால் உட்கார்ந்து, "நீங்க மறக்கலீங்க. நாந்தான் எடுத்தேன்" என்றேன்.

"எதை?"

சொன்னேன். ஸ்டவ், அரிசி டின், பெரியப்பா வேன், எல்லாம். அவர் ஜாக்கியைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "பட்டறையில இருந்துதே?" என்றார். "நாந்தானுங்க கொண்டுபோய் வெச்சேன்" என்றதும் நிறுத்தினார். அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. பெட்டியைப் பிரித்தபடியே போட்டுவிட்டு எழுந்து போனார். மூன்று நாள் உன்னிடம் மட்டும்தான் பேசினார். "கண்ணு, உங்கம்மாகிட்டச் சோறு போடச் சொல்லு" என்று உன்னை அனுப்புவார். நீ பாதி வழியில் வேறு எதற்காவது போய்விடுவாய். பட்டினியோடு உட்கார்ந்திருப்பார்.

நான்காம் நாள் காலை குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். "கெளம்பு. தாராபுரம் போலாம். உன்ற தம்பிகிட்ட நீயே சொல்லு" என்றார். அவ்வளவுதான் பேச்சு. வண்டியை எடுத்தார். தெருமுனை திரும்பியது. நிறுத்தவில்லை. பல்லடம் தாண்டியது. அந்த ரோட்டில் அவர் இறங்கி டிக்கியைப் பார்க்காமல் போவது இரண்டரை வருடத்தில் அதுதான் முதல் தடவை. அவரைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

உன் மாமன் வீட்டு வாசலில் தாம்பூலத் தட்டை எடுக்க டிக்கியைத் திறந்தார். தட்டு இருந்தது, பழம் இருந்தது. பெட்டி இல்லை. நான்கு நாளாகப் பிரித்தபடியே வீட்டில் கிடக்கிறது! இருவரும் அந்தக் காலி இடத்தைப் பார்த்தோம். "நான் எடுக்கலீங்க!" என்று அலறினேன். "சத்தியமா இந்தத் தடவ நான் எடுக்கலீங்க!" உன் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டிக்கி மூடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். சத்தம் கேட்டு உன் மாமன் வெளியே வந்தான். "என்னக்கா, என்னாச்சு?" அந்த வெயிலிலேயே, திறந்த டிக்கிக்கு முன்னால் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். உன் அப்பாவைப் பார்த்து, "அப்ப இத்தனை நாளா நீங்க எங்கூட்டு வாசல்ல..." என்று ஆரம்பித்தான். உன் அப்பா உன்னைத் தூக்கி அவன் கையில் கொடுத்தார். "உடுங்க மாப்ள. காது குத்தறப்ப இவ உதைப்பா, இறுக்கிப் புடிச்சுக்கோணும். சோறு ஆச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

உன் பெட்டியில் அவர் வைக்கிற எல்லாமே இருக்கின்றன, சோப்பு உட்பட. என் கணக்கில் சேர்த்தவை: வெயிலுக்கு ஒரு குடை, தூரத்திலிருந்து தெரிய ஒரு சிவப்புத் துணி, நம் வீட்டு நம்பரும் மாமன் வீட்டு நம்பரும் எழுதிய அட்டை, ஒரு பிஸ்கட் டப்பா. பிஸ்கட்டை மாதம் ஒரு தடவை மாற்று. கேனில் தண்ணீரை வாரம் ஒரு தடவை மாற்று, பாசி பிடிக்கும். டார்ச்சுக்குள் பேட்டரியைப் போட்டு வைக்காதே, கசிந்துவிடும். தனியாகச் சுற்றி வை. உனக்கும் ஒரு குழந்தை பிறந்து, அதன் பைகளுக்கு டிக்கியில் இடம் போதாமல் போனால், ஸ்டவ்வை வீட்டில் விட்டுவிட்டுப் போ. போகிற இடத்தில் அடுப்பு இருக்கும்.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். ரேடியேட்டர் மூடியின் மேல் துணியைப் போட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, மெல்லத் திற. அதற்குள் யாராவது வண்டியை நிறுத்தி, "ஏனுங்க, என்னாச்சுங்க?" என்று கேட்டால், காற்று வாங்குகிறேன் என்று சொல்லாதே, கண்ணு. நின்னுபோச்சுங்க என்று சொல்.

அம்மா